கெமுனிங் ஹோம்ஸ்டே: ஜன்னல்ல தேயிலை தெரியல, ஆனா அடுப்படிக்காகவே திரும்ப போவேன்

5க்கு 4 குடுக்கறேன். அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு வரேன் இருங்க.

இந்தோனேசியாவுல, ஜாவா தீவுல லாவு மலையோட மேற்குச் சரிவுல கெமுனிங்னு ஒரு தேயிலை ஊர், சோலோ நகரத்துலேர்ந்து கிழக்கால ஒரு 40 கிமீ இருக்கும். நானும் அம்மாவும் ஜோக்ஜால (யோக்யகர்த்தா) தங்கியிருந்தோம், அங்கேர்ந்து லோக்கல் ட்ரெயின்ல சோலோ வர ஆளுக்கு 8,000 ரூபியா தான், நம்ம காசுக்கு 50 ரூபா கூட வராது. சோலோல தீர்த்தோநாடி பஸ் ஸ்டாண்டுல தவாங்மாங்கு போற பஸ்ல ஏறி கராங்பாண்டான்ல இறங்கணும், அதுக்கு மேல மலை ஏற வண்டி புடிச்சுக்கணும். எங்க டிரைவர் அந்த ஏத்தத்துல ஒரு கையால சிகரெட் பத்த வெச்சாரு, அம்மா கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க, அத விட்டுடுவோம்.

ஹோம்ஸ்டே பேர் போடல. ஒரு குடும்பம் அவங்க வீட்லயே மூணு ரூம ஒதுக்கி நடத்தறாங்க, நான் கொஞ்சம் குறையும் சொல்லப் போறேன், பாவம் எதுக்கு. ரூம் ராத்திரிக்கு 2,50,000 ரூபியா காலை சாப்பாட்டோட, நம்மூர் கணக்குல 1,300 சொச்சம். மூணு ராத்திரி இருந்தோம்.

குறைய முதல்ல முடிச்சிடறேன். போட்டோல ஜன்னல திறந்தா பச்சப்பசேல்னு தேயிலை மடிப்பு மடிப்பா போகுது, நேர்ல திறந்தா பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டாய், ஒரு கெடா என்னைய மூணு நாளும் சந்தேகமாவே பாத்துச்சு. கேட்டா அந்த போட்டோ மாடில எடுத்ததாம், மாடில ரூமே இல்ல, துணி காயப்போடற இடம் தான். ஹீட்டர் முதல் நாளே படுத்துடுச்சு, பாத்ரூம்ல தொட்டி, அதுல கப்பு, அந்த தண்ணிய மேல ஊத்தினா குலதெய்வமே கண்ணு முன்னாடி வரும். சனிக்கிழமை ராத்திரி கீழ இருக்கற கஃபேல கிட்டார் கச்சேரி பத்து மணி தாண்டி ஓடுச்சு, அப்பறம் காலைல நாலரைக்கு மசூதி மைக். பாங்கு சத்தத்த குறையா சொல்லல, ஊர்னா அப்படித்தான், அந்த கிட்டார் ஆளு தான் சுருதி சேராம படுத்திட்டான்.

இப்ப நல்லது. இந்த வீட்டோட ரூம மறந்துடுங்க, அடுப்படிக்கு போங்க. அங்க அதுக்கு பாவொன்னு பேரு. வீட்டுக்கு பின்னாடி தனியா, தரை சும்மா மண்ணு, கரி படிஞ்ச சுவரு, நடுவுல லுவெங்னு ஒரு மண் அடுப்பு, ஒரு பக்கம் விறக சொருகினா அதே தீ வரிசையா ரெண்டு மூணு வாய்க்கு போகுது, முதல் வாய்ல சோறு, கடைசி வாய்ல எப்பவும் ஒரு கெட்டில் சும்மா முனகிட்டே இருக்கும். சுத்தி தாழ்வா குட்டி குட்டி ஸ்டூலு, நம்ம மணைக்கு காலு வெச்ச மாதிரி. மதியத்துக்கு மேல மூடுபனி இறங்கிடுச்சுன்னா வீட்டு ஆளுங்க, பக்கத்து வீட்டு ஆளுங்க எல்லாம் வந்து இந்த அடுப்ப சுத்தி உக்காந்துக்கறாங்க, ஹால்ல புது சோஃபா பாலிதீன் கவர் கூட பிரிக்காம அப்படியே கெடக்கு.

வீட்டுக்காரம்மாவ எல்லாரும் இபுன்னு கூப்பிடறாங்க, அம்மான்னு அர்த்தம், ஸோ எங்கம்மாவும் இபு அவங்களும் இபு. இவங்களுக்கு இந்தோனேசியன் வராது அவங்களுக்கு தமிழ் வராது, ரெண்டாவது நாள் நான் எழுந்து வரேன், ரெண்டு பேரும் உக்காந்து சௌசௌ நறுக்கிட்டிருக்காங்க. அந்த மலைல சௌசௌ பந்தல் பந்தலா காய்க்குது, தேங்காப்பால் விட்டு லோதேன்னு ஒரு கொழம்பு வைக்கறாங்க. நறுக்கும்போது வர அந்த பிசின் கைல ஒட்டாம இருக்க அம்மா ரெண்டு துண்டையும் தேச்சு காமிச்சாங்க, இபு "ஓ நாங்களும் அப்படித்தான்" ங்கற மாதிரி சிரிச்சுட்டு அவங்க துண்டையும் தேச்சாங்க. அதுக்கப்பறம் அம்மாவ வெளிய சுத்திப்பாக்க கூப்பிடறதே கஷ்டமாப் போச்சு.

வெஜ் ஆளுங்களுக்கு ஒண்ணு: சம்பல்ல, அதாவது அவங்க மிளகா சட்னில, தெராசின்னு இறால் விழுது போடுவாங்க, பாத்தா தெரியாது, வாசனைல தான் தெரியும். "தன்பா தெராசி"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, போடாம அரைச்சுக் குடுத்தாங்க. டெம்பே (சோயாவ புளிக்க வெச்சு கட்டியாக்கினது) வறுவல், கீரை மேல வேர்க்கடலை சாஸ் ஊத்தற பெச்சல் ரெண்டும் தினமும் ஓகே. எல்லாத்துலயும் கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பு தூக்கலா இருக்கும், கொழம்பு இனிக்குதேன்னு சண்ட போடாதீங்க, அந்த ஊரு கை அப்படி. பழசாகி வாடை வர டெம்பேயிலேயே சம்பல் தும்பாங்னு ஒண்ணு பண்றாங்க, நான் ரெண்டு தடவ வாங்கி சாப்ட்டேன், அம்மா மூக்க பொத்திக்கிட்டாங்க.

டீ தான் பெரிய காமெடி. சுத்திலும் தேயிலை, ஆனா வீட்ல கடை பாக்கெட் டீ, அதுவும் மல்லிப்பூ வாசம் ஏத்தினது. தோட்டம் டச்சுக்காரன் காலத்துல போட்டது, இப்ப கம்பெனி கைல, இபுவோட நாத்தனார் காலைல ஆறு மணிக்கெல்லாம் கூம்பு தொப்பி போட்டு இலை பறிக்க போறாங்க, கிலோ கணக்குல கூலி, இலை மூட்டையா கட்டி எடை போட்டு லாரில ஏறி ஃபாக்டரிக்கு போயிடுது. இவங்களுக்குன்னு இருக்கறது கேரட்டு, வெங்காயத்தாளு, சக்கரவள்ளி போட்ட ஒரு துண்டு நெலம். ஆனா அந்த பாக்கெட் டீயே வேற லெவல்ங்க. சோலோ பக்கம் ஒரே பிராண்ட யாரும் போடறதில்ல, ரெண்டு மூணு பாக்கெட்ட கலந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரெசிபி, ஒண்ணு கலருக்கு ஒண்ணு கசப்புக்கு ஒண்ணு வாசத்துக்கு. நஸ்கிதெல்னு சொல்றாங்க: பனாஸ், லெகி, கெந்தெல், அதாவது சூடு, இனிப்பு, கெட்டி. பால் கிடையாது. பால் இல்லாத டீய டீன்னே ஒத்துக்காத எங்கம்மா நாளுக்கு நாலு கிளாஸ் குடிச்சாங்க.

வெளிய சுத்தணும்னா வார நாள்ல போங்க, சனி ஞாயிறு ஜீப்பும் செல்ஃபியுமா தோட்டமே தெரியாது. கஃபே போர்டெல்லாம் "கெடாய்"னு போட்டிருக்கும், நம்ம கடை தான் கப்பலேறிப் போய் கெடாய் ஆயிருக்கு, அம்மா ஒவ்வொரு போர்டையும் படிச்சு படிச்சு சந்தோஷப்பட்டாங்க. சுக்குன்னு ஒரு கோயில் பக்கம் தான், 15ஆம் நூற்றாண்டு, பாத்தா பிரமிடு மாதிரி மேல வெட்டிவிட்டிருக்கு. அங்க ஒரு கொல்லன் பட்டறை சிற்பம் இருக்கு, பீமன் ஆயுதம் அடிக்கறான், அர்ஜுனன் துருத்தி ஊதறான், நடுவுல யானைத்தலையோட ஒருத்தர் ஆடிட்டிருக்காரு. புள்ளையார் பட்டறைல ஆடறத வேற எங்கயும் நான் பாத்ததில்ல, அரை மணி நேரம் அங்கயே நின்னேன். வாசல் தரைல இருக்கற சிற்பத்த மட்டும் அம்மாவோட போறவங்க பாக்காம தாண்டிடுங்க, ஏன்னு கேக்காதீங்க. இன்னும் மேல செத்தோ கோயில், கருப்பு வெள்ள கட்டம் போட்ட துணிய இடுப்புல கட்டித்தான் உள்ள விடறாங்க, அந்த மேல் ஊர்ல இன்னும் இந்து குடும்பங்க இருக்காங்க.

நடக்கும்போது எதிர்ல யார் வந்தாலும் "மொங்கோ"ன்னுவாங்க, நீங்களும் திருப்பி மொங்கோன்னு சொல்லிடுங்க போதும். நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் மழை, அப்ப போனா ஷூ மண்ணோட தான் வரும். ஸ்வெட்டர் கட்டாயம்.

கெளம்பற அன்னிக்கு இபு டீத்தூள் டப்பாவ திறந்து எங்கிட்ட காமிச்சாங்க, மூணு பாக்கெட் கலப்பாம். ரெண்டு கவர மட்டும் போட்டோ புடிச்சேன், மூணாவத அதுக்குள்ள அடுப்புல போட்டுட்டாங்க. வீட்ல ரெண்ட வெச்சு போட்டுப் பாத்தாச்சு, அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு கிளாஸ வெச்சிட்டாங்க. வாசம் இருக்கு, கெட்டி வரல. சோலோ பக்கம் யாராச்சும் போனா கெட்டிக்கு எந்த பாக்கெட் போடறாங்கன்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க.