காட்டு வரைபடத்துக்கு சென்டினலா, லேண்ட்சாட்டா?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் எது காடு, எது ரப்பர் என்று பிரித்து வரைபடம் போடும் வேலை போன டிசம்பரில் என்னிடம் வந்தது. செயற்கைக்கோள் படம் வாங்கக் காசு கிடையாது, அதனால் இலவசமாகக் கிடைக்கும் இரண்டுதான்: அமெரிக்காவின் லேண்ட்சாட், ஐரோப்பாவின் சென்டினல்-2. நான் எடுத்தது சென்டினல். திரும்பச் செய்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

துல்லியம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நம்மூர்க் கணக்கில் சொன்னால், லேண்ட்சாட்டின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30, ஏறக்குறைய 22 சென்ட். சென்டினலில் 10க்கு 10, இரண்டரை சென்ட். பத்து சென்டில் ரப்பர் வைத்திருப்பவர் லேண்ட்சாட்டில் காணாமலே போய்விடுவார்.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது மேகம்தான். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், ஜூனில் ஏறும் மூடாப்பு டிசம்பர் வரை மலையை விட்டு லேசில் இறங்காது. சரி, கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அப்போது ரப்பரும் காடும் மேலிருந்து ஒரே பச்சை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் ரப்பர் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும்போதுதான் இரண்டும் பிரிந்து தெரியும், அதுவும் சில வாரங்கள்தான், உடனே செம்புநிறத் தளிர் வந்துவிடும். அதற்குள் மேகமில்லாத ஒரு நாள் சிக்க வேண்டும். லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்தே ஓர் இடத்தின் மேல் வருவது 8 நாளுக்கு ஒருமுறை. சென்டினல் ஜோடி 5 நாளுக்கு ஒருமுறை. ஜனவரியில் லேண்ட்சாட் வந்த நாளெல்லாம் மலைமேல் பஞ்சுப்பொதி. சென்டினலில் ஒரே ஒரு நல்ல படம் மாட்டியது, அது போதும்.

அதை வைத்துப் போட்ட வரைபடத்தை அச்செடுத்து ரப்பர் பால்வெட்டும் அண்ணன் ஒருவரிடம் காட்டினால், ரப்பர் என்று நான் சிவப்படித்திருந்த ஒரு மூலையில் விரலை வைத்து, "இது ரப்பர் இல்ல தம்பி, தேக்காக்கும்" என்றார். தேக்கும் அதே காலத்தில் இலை உதிர்க்கும், எனக்குத் தோன்றவில்லை. மார்ச்சில் ரப்பர் பச்சை பிடித்துவிட, தேக்கு மொட்டையாகவே நின்றது. அந்த மாதத்துப் படத்தையும் சேர்த்ததும் மூலை பிரிந்துவிட்டது.

மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படங்களையும் இறக்கிப் பார்த்தேன். மலைச்சரிவெல்லாம் நசுங்கித் தெரிகிறது. ஒருமுறைதான் தொட்டேன், அதனால் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணன் தாளை மடித்துக்கொண்டே, "நான் சின்னதுல இதெல்லாம் காடாக்கும், அது இதுல தெரியுமா?" என்று கேட்டார். அதற்கு லேண்ட்சாட்டிடம்தான் போக வேண்டும். சென்டினல்-2 மேலே போனதே 2015இல். லேண்ட்சாட்டின் 30 மீட்டர் படங்கள் 1980களிலேயே தொடங்கிவிட்டன.