கல்லா, பல்லா, தகடா, கழியா? ஆழமில்லாத தண்ணீரில் படகை நிறுத்தும் வழிகள்

முத்துப்பேட்டை லகூனில், அதாவது கடலோரக் காயலில், படகை விட்டு இறங்கினால் பல இடங்களில் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. ஆனால் கால் முழங்கால் வரைக்கும் சேற்றுக்குள் போய்விடும். "இந்தத் தண்ணிக்கு எதுக்குடா நங்கூரம்?" என்று கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தவன்தான்.

ஒரு கார்த்திகை மாதக் காலை, வாடைக்காற்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. 16 அடி ஃபைபர் படகு, நானும் மாமாவும். கோரையாறு லகூனில் விழும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கொடுவாவுக்குத் தூண்டில் போட்டிருந்தோம். புதிதாக வாங்கிய 5 கிலோ நங்கூரம், நான்கு பல்லும் குடை மாதிரி விரிந்து மடங்கும் வகை. போட்டாயிற்று, கயிறும் விறைப்பாக நின்றது. அரை மணி கழித்து மாமா தலையைத் தூக்கினார். "மாப்ள, அந்த மொட்டை மரம் நமக்கு நேரால்ல இருந்துச்சு?" மரம் எங்கோ பின்னால் போயிருந்தது. நங்கூரத்தை இழுத்துப் பார்த்தால் நான்கு பல்லையும் மூடிக்கொண்டு பெரிய கொழுக்கட்டை மாதிரி ஒரு சேற்று உருண்டை வந்தது. அரை மணி நேரமாக லகூனை உழுதுகொண்டிருந்திருக்கிறோம்.

டெல்டாக்காரனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பல் நங்கூரம் ஏர் மாதிரி. தொளிச் சேற்றில் இழுத்தால் கிழித்துக்கொண்டு கூடவே வரும். பாறை இருந்தால், வேர் இருந்தால், இடுக்கு இருந்தால் மாட்டிக்கொண்டு நிற்கும். வெறும் சேற்றில் அதற்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார், ஏனென்றால் மடக்கி வைக்க வசதி, விலையும் குறைவு. நம் சேற்றுக்கு அது ஆகாது என்பது என் முடிவு. அலையாத்திக் காட்டு ஓரத்தில் அது பிடிக்கும்தான், ஆனால் பிடிக்கிற இடம் மரத்தின் மூச்சு வேர். இழுத்தால் வேர் போகும், இல்லாவிட்டால் நங்கூரம் போகும். அது காப்புக்காடு வேறு. கிளையில் கயிற்றைக் கட்டி நிறுத்துவதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

அடுத்து கல். மாமாவின் கட்சி அது. "காசு கொடுத்து இரும்பு வாங்கினே, நின்னுச்சா? கல்லு போதும் மாப்ள." அவர் சொல்வதில் பாதி சரி. கல் செலவில்லாதது, எதிலும் சிக்காது, போனாலும் அழ வேண்டாம். ஆனால் கல்லுக்குத் தெரிந்தது எடை ஒன்றுதான், அந்த எடையும் தண்ணீருக்குள் குறையும். 10 கிலோ கருங்கல் கடல் தண்ணீருக்குள் ஏறக்குறைய 6 கிலோதான் நிற்கும். அதே 10 கிலோ இரும்பு என்றால் 8.7 கிலோ. பெயிண்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றிக் கொக்கி வைத்துச் செய்கிறார்களே, அது கல்லைவிடவும் கொஞ்சம் மோசம். சாக்கில் மணல் கட்டிப் போடுவதும் அப்படித்தான். ஒரே ஒரு நல்லது, திரும்பும்போது மணலைக் கொட்டிவிட்டு வெறும் சாக்கோடு வரலாம். நண்டு வலை ஓரத்தில் காற்றில்லாத காலை நேரத்தில் ஒரு மணி நேரம் நிற்க இவை போதும். காற்று ஏறினால் கல் நகர ஆரம்பிக்கும், நகர்வது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

காளான் நங்கூரம் என்று நிமிர்ந்த கிண்ணத்தின் நடுவில் தண்டை நட்ட மாதிரி ஒன்று வரும். ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கப் பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன் பெல் ராக் பாறை அருகே நின்ற விளக்குக் கப்பலுக்காக, 1807 வாக்கில் கொண்டுவந்த வடிவம் என்கிறார்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்து சேற்றில் புதைந்த பிறகுதான் அதற்குப் பிடி வரும். காலையில் போட்டு மதியம் எடுக்கிற நமக்குக் கல்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தகட்டு நங்கூரம்தான் விஷயம். டான்ஃபோர்த் என்று கேட்டால் கிடைக்கும். இரண்டாம் உலகப் போரின்போது, கரையில் ஏற்றி நிறுத்தும் படகுகளுக்காக அமெரிக்காவில் ரிச்சர்ட் டான்ஃபோர்த் வடிவமைத்தது. நடுத்தண்டின் இரண்டு பக்கமும் இரண்டு அகலமான கூர்த்தகடுகள், கீல் மாதிரி மேலும் கீழும் ஆடும். தரையில் படுத்ததும் இழுத்தால் தகடு மண்ணுக்குள் சாயும், இன்னும் இழுத்தால் இன்னும் இறங்கும். ஏருக்குப் பதில் மண்வெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 அடிப் படகுக்கு 3 முதல் 4 கிலோ எடையுள்ளதே தாராளம். என்னுடைய 5 கிலோ பல் நங்கூரம் உழுதுகொண்டு போன அதே இடத்தில் 4 கிலோ தகடு நின்றது. எடுக்கும்போதுதான் தெரிந்தது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று. படகை அதற்கு நேர் மேலே கொண்டுபோய்ச் செங்குத்தாகத் தூக்க வேண்டியிருந்தது.

குறையும் உண்டு. காற்றோ நீவாடோ (நீரோட்டம்) திசை மாறினால் படகு சுற்றும், தகடு பிடுங்கிக்கொண்டு வரும். மறுபடி தானாகவே இறங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சிப்பி மாட்டினால் போதும், தகடு ஆடாது, இறங்கவும் இறங்காது. வெள்ளம் வத்தும் நேரத்தில் முகத்துவாரத்தில் நிற்பவர்கள் ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், திரும்பியதும் ஒருமுறை தூக்கிப் போடுவது நல்லது.

அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே பாக் விரிகுடாப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அங்கே அடியில் கடற்புல் படுகை. தகடு புல்லின் மேல் சறுக்கும், மண்ணைத் தொட்டால் புல்லைப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வரும். அது கடல் பசுவின் மேய்ச்சல் நிலம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்ததே இதற்காகத்தான். அங்கே புல் இல்லாத திட்டாகப் பார்த்துப் போடுவேன், இல்லையென்றால் மாமாவின் கல்லையே போடுவேன்.

எந்த நங்கூரத்தை வாங்கினாலும் பாதிப் பிடி கயிற்றில் இருக்கிறது. நம் ஆட்கள் ஒரு பாகத் தண்ணீருக்கு இரண்டு பாகம் கயிறு விட்டுவிட்டு நிற்கவில்லை என்பார்கள். கயிறு மேல்நோக்கி இழுத்தால் நங்கூரம் பிடுங்கப்படும், தரையோடு படிந்து இழுத்தால்தான் இறங்கும். தண்ணீர் ஆழத்தோடு அணியத்தின் (படகின் முன்முனை) உயரத்தையும் கூட்டி, அதைப் போல 5 முதல் 7 மடங்கு விட வேண்டும். 1 மீட்டர் தண்ணீர், அணியம் அரை மீட்டர் உயரம் என்றால் ஒன்றரை மீட்டர். 7 மடங்குக்குப் பத்தரை மீட்டர் கயிறு. அவ்வளவுதான், ஆழமில்லாத தண்ணீரின் ஒரே சலுகை இது. நங்கூரத்தை ஒட்டி 2 மீட்டர் சங்கிலி போட்டால் கயிறு இன்னும் படியும், சிப்பியில் அறுபடாது. நம் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிற பிளாஸ்டிக் கயிறு மிதக்கும். முட்டளவுத் தண்ணீரில் மிதக்கிற கயிறு என்ஜின் விசிறியைத் தேடித்தான் போகும். நைலான் மூழ்கும், அலை தூக்கும்போது கொஞ்சம் நீண்டும் கொடுக்கும். நூறு இருநூறு அதிகமானாலும் நைலானே வாங்குங்கள்.

இனி கழி. மார்பளவுக்கும் குறைவான தண்ணீரில், சேற்றில், இதற்கு இணை வேறு எதுவும் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். 10 அல்லது 12 அடிக் கல்மூங்கில், கணுவை ஒட்டிச் சாய்வாகச் சீவிய முனை. நங்கூரம் போட்டால் படகு கயிற்று நீளத்துக்கு ஊசலாடும், தூண்டில் எல்லாம் பின்னிக்கொள்ளும். கழியில் கட்டினால் நிற்கும் இடத்திலேயே நிற்கும். 'தொப்' என்று தண்ணீரில் எதுவும் விழாது, சத்தம் இல்லை, மடவைக் கூட்டம் கலையாது. கழியை நேராகக் குத்தாதீர்கள். தலைப்பக்கம் படகை விட்டு விலகி இருக்கும்படி சாய்த்து ஊன்ற வேண்டும். குறைந்தது 3 அடி சேற்றுக்குள் போகட்டும். கயிற்றை இறுக்கி முடியாமல் வளையமாக விட்டால் ஓதத்துக்கு ஏற்ப மேலும் கீழும் நழுவும். பிடுங்கும்போது முதலில் இரண்டு முறை திருகுங்கள். சேறு உறிஞ்சிப் பிடித்திருக்கும், திருகாமல் இழுத்தால் கழி அங்கேயே இருக்கும், படகுதான் சாயும். ஜிஐ பைப்பில் செய்பவர்கள் உண்டு. கனம், துரு, கை நழுவினால் நேராக அடிக்குப் போய்விடும். மூங்கில் மிதக்கும்.

அணியத்தில் ஒன்று, அமரத்தில் (பின்முனை) ஒன்று என இரண்டு கழி ஊன்றினால் படகு திண்ணை மாதிரி ஆடாமல் நிற்கும். இதையேதான் வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் பவர்-போல், டேலன் என்ற பெயர்களில் படகின் பின்பக்கம் திருகி மாட்டுகிறார்கள். ஒன்று ஹைட்ராலிக், மற்றது மின்மோட்டார். பொத்தானை அமுக்கினால் கம்பு இறங்கித் தரையில் குத்தும். வேலை என்னவோ கல்மூங்கில் செய்கிற வேலைதான். விலை பெரும்பாலும் ஆயிரம் டாலரைத் தாண்டும், 12 வோல்ட் பேட்டரி வேண்டும், உப்புத் தண்ணீரில் பராமரிப்பும் வேண்டும். 8 ஹெச்பி என்ஜினோடு ஓடும் படகுக்கு இதை வாங்குவது பத்து மா நிலத்துக்கு நான்கு டிராக்டர் வாங்குவது போல. வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கிறது.

கழி தோற்கும் இடம் மணல். பழையாறு பக்கம் கொள்ளிட முகத்துவாரத்தில் கெட்டி மணலில் ஒரு அடிகூட இறங்காது, இறங்கினாலும் அடியில் நீரோட்டம் சுற்றிலும் மணலை அரித்துவிடும். அங்கே தகடு. ஆற்று ஓட்டத்தில் நிற்கும்போது கயிற்றை அணியத்தில் மட்டும் கட்டுங்கள். வசதியாக இருக்கிறதே என்று அமரத்தில் கட்டினால் என்ஜின் எடையோடு பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறும், ஒரு கயிற்றை அவிழ்க்கிற நேரம்கூடக் கிடைக்காது. மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீர் கொள்ளிடத்தில் வரும் நாளில் எந்த நங்கூரத்தையும் நம்பிப் போகாதீர்கள். புயலுக்கும் அதேதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறிய மாதிரி ஒன்று வந்தால் படகுக்கு இடம் கரை மேடுதான்.

என் படகில் இப்போது இரண்டு கல்மூங்கில், 4 கிலோ தகடு, 25 மீட்டர் நைலான். அந்தப் பல் நங்கூரத்தையும் தூக்கிப் போடவில்லை, பாறையும் கட்டைகளும் கிடக்கிற இடத்துக்கு என்று வைத்திருக்கிறேன். அதில் கயிறு கட்டுவதை மட்டும் மாற்றிவிட்டேன். கயிற்றை மேல் வளையத்தில் முடியாமல் பற்கள் சேரும் அடிப்பக்கத்தில் முடிந்து, தண்டோடு மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தோடு மெல்லிய வலை நூலால் இரண்டு சுற்றுக் கட்டியிருக்கிறேன். சிக்கிக்கொண்டால் பலமாக ஒரு இழுப்பு, நூல் அறுந்து நங்கூரம் தலைகீழாக வெளியே வரும். மாமா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவருடைய கல்லிலும் ஒரு வலை நூல் தொங்கியது.