மாதிரித் தேர்தலுக்கு கூகுள் ஃபார்ம்ஸ்: ஓட்டு வாங்கத் தெரியும், எண்ணத் தெரியாது

குடியரசுத் தலைவர் தேர்தல் பாடத்துக்கு வகுப்பில் மாதிரித் தேர்தல் வைப்பது வழக்கம்தான். பெரும்பாலும் ஆளுக்கொரு சீட்டு, அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்று முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த முறையில் இந்தியாவில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. இலங்கையிலும் இல்லை, பிரான்சிலும் இல்லை. விருப்ப வரிசையோடு ஓட்டு வாங்கி, அதே ஓட்டுகளை நாலு விதமாக எண்ணிக் காட்டினால்தான் இது பாடமாகும். காசில்லாமல் கிடைக்கும் கூகுள் ஃபார்ம்ஸும் (இணையப் படிவம்) ஷீட்ஸும் (கணக்கு அட்டவணை) அதற்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

வாக்குச்சீட்டுக்கு ஏற்ற கேள்வி வகை ‘மல்டிபிள் சாய்ஸ் கிரிட்’. வரிசைகளில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம். நெடுக்கையில் வேட்பாளர் பெயர்கள். மூன்று புள்ளி மெனுவில் ‘லிமிட் டு ஒன் ரெஸ்பான்ஸ் பெர் காலம்’ என்பதை இயக்கிவிட்டால் ஒரே வேட்பாளருக்கு இரண்டு இடம் கொடுக்க முடியாது. வேட்பாளர்கள் நாலு பேருக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் கைபேசித் திரையில் கடைசிப் பெயர்கள் வலப்பக்கம் ஒளிந்துகொள்ளும். நகர்த்திப் பார்க்காத மாணவர் அந்த வேட்பாளரைப் பார்க்காமலேயே ஓட்டுப் போட்டுவிடுவார். நிஜ அரசியல்வாதிகளை நிறுத்தவும் வேண்டாம், வகுப்பு முடிவதற்குள் சண்டை வரும். முயல், மான், ஆமை போதும்.

அடுத்து ‘ரிக்வயர் எ ரெஸ்பான்ஸ் இன் ஈச் ரோ’. பார்க்கச் சின்ன பொத்தான், ஆனால் ஒரு தேர்தல் விதியையே மாற்றிவிடும். இயக்கினால் எல்லா விருப்பங்களையும் குறித்தே ஆகவேண்டும். நிஜத்தில் அப்படி இல்லை. இலங்கையில் 2024 செப்டம்பர் 21-ல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க பெற்றது 42.31 சதவீதம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் அந்நாட்டு வரலாற்றில் முதல்முறையாக விருப்ப வாக்குகளை எண்ணினார்கள். முதல் இருவர் தவிர மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டு ஏறத்தாழ 33 லட்சம். அதில் அந்த இருவருக்கும் விருப்ப வாக்காக வந்து சேர்ந்தது 3 லட்சத்துக்கும் குறைவு. விருப்பம் குறிக்காத சீட்டு இரண்டாம் சுற்றில் எப்படிச் செயலிழக்கிறது என்பதை மாணவர் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பொத்தானை அணைத்துவையுங்கள். முதல் விருப்பம் கட்டாயம் என்று வாயால் சொல்லிவிடலாம்.

ஃபார்ம்ஸில் பெரிய குறை, முதல் விருப்பத்தைக் காலியாக விடுவதைத் தவிர வேறு விதத்தில் செல்லாத ஓட்டுப் போடவே முடியாது. இரண்டு பேருக்கு ‘1’ போட்ட சீட்டு, யாருக்குக் குறி என்றே புரியாத சீட்டு எதுவும் வராது. வாக்கு எண்ணும் மேசையில் சச்சரவு வருவதே இவற்றால்தான். ஐந்தாறு செல்லாத சீட்டுகளைக் கையால் எழுதி நடுவில் கலந்துவிட்டால் இந்தக் குறை தீரும்.

இனி எண்ணிக்கை. ‘ரெஸ்பான்சஸ்’ பக்கத்தில் வரும் பட்டைப்படம் எந்த விருப்பத்தில் யாருக்கு எத்தனை என்று மட்டும் காட்டும். ஒருவரை நீக்கி அவர் ஓட்டுகளைப் பிரித்துக் கொடுக்க அதற்குத் தெரியாது. ஆகவே ‘லிங்க் டு ஷீட்ஸ்’ அழுத்தி ஷீட்ஸுக்குப் போயே ஆகவேண்டும். ஒத்திகைக்கு இந்த 30 ஓட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள்: முயல், ஆமை, மான் என்ற வரிசையில் 10, முயல், மான், ஆமை 2, மான், ஆமை, முயல் 10, ஆமை, மான், முயல் 6, ஆமை, முயல், மான் 2.

முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் முயல் 12, மான் 10, ஆமை 8, முயல் வெற்றி. கடைசி இடத்து ஆமையை நீக்கி அதன் 8 சீட்டுகளை மாற்றினால் மான் 16, முயல் 14, மான் வெற்றி. முதலிடத்துக்கு 2, இரண்டாம் இடத்துக்கு 1 என்று புள்ளி போட்டால் ஆமை 36, மான் 28, முயல் 26. இருவர் இருவராக மோதவிட்டாலும் முயலை 18-12, மானை 18-12 என்று ஆமை வீழ்த்துகிறது. கதையில் ஜெயித்த அதே ஆமைதான். ஒரே ஓட்டுக்கு மூன்று வெற்றியாளர்கள்! வகுப்பு கொதிக்கும் இடம் இது, அவசரப்பட வேண்டாம்.

நீக்கி எண்ணுவதை ஷீட்ஸில் செய்யவே செய்யாதீர்கள். இரண்டாம் விருப்ப நெடுக்கையில் ‘கவுன்ட்இஃப்’ (ஒரு பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சூத்திரம்) போட்டு முதல் எண்ணிக்கையோடு கூட்டிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மேலே சொன்ன ஓட்டில் அப்படிக் கூட்டினால் மான் 18, முயல் 14. மொத்தம் 32, இருப்பதோ 30 சீட்டு. முயலுக்கு விழுந்த சீட்டிலிருந்த மானின் இரண்டாம் விருப்பமும் சேர்ந்துவிட்டதால் வந்த வினை. நீக்கப்பட்டவரின் சீட்டு மட்டுமே நகர வேண்டும். வரிசை உயரத்தைக் கூட்டி ஷீட்டை அச்செடுத்து, ஒரு வரிசைக்கு ஒரு சீட்டாக வெட்டி, மூன்று மேசையில் அடுக்குங்கள். ஆமை மேசையிலிருந்து சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மான் மேசைக்கு நடக்கும் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் வி.வி. கிரி வென்றது இப்படித்தான். முதல் எண்ணிக்கையில் அவருக்கு 4,01,515. வெற்றிக்குத் தேவை 4,18,169. கீழே இருந்தவர்களை நீக்கி விருப்ப வாக்குகளைச் சேர்த்தபிறகு 4,20,077. இந்தியாவில் கடைசி இடத்தில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்குவார்கள். இலங்கையில் முதல் இருவர் தவிர எல்லோரையும் ஒரே மூச்சில். மூன்று வேட்பாளர் என்றால் வித்தியாசம் தெரியாது, இதற்கு மட்டும் நாலாவது ஆள் வேண்டும். இந்தியாவில் ஓட்டுப் போடும் எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் ஓட்டுக்கு வெவ்வேறு மதிப்பு உண்டு. இந்த எடை வாக்கைக் காட்ட வண்ணத்தாள் போதும்: நிஜத் தேர்தலில் எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்பு. 2022-ல் எம்.பி. ஓட்டின் மதிப்பு 700, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176, சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு 7.

நீக்கி எண்ணுவதைப் போலன்றி, இருவர் மோதலை எண்ண ஷீட்ஸ்தான் சரி. அதற்குக் கிரிட்டைத் திருப்பிப்போட வேண்டும்: வரிசையில் வேட்பாளர், நெடுக்கையில் 1, 2, 3. அப்போது ஆமைக்குக் கொடுத்த எண் முயலுக்குக் கொடுத்ததைவிடச் சிறியதா என்று ‘சம்ப்ராடக்ட்’ சூத்திரம் ஒரே வரியில் எண்ணித் தரும். ஒரு கண்ணி உண்டு. காலிக் கட்டத்தை ஷீட்ஸ் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் ஒன்றைவிடச் சிறியது. எனவே விருப்பமே குறிக்கப்படாத வேட்பாளர் முதலிடத்துக்கு ஏறிவிடுவார். காலிக் கட்டங்களில் 9 போட்டு நிரப்பிவிட்டு எண்ணுங்கள்.

பிடித்த எல்லோருக்கும் ஓட்டுப் போடும் ஏற்பு முறைக்கு ‘செக்பாக்ஸ்’ கேள்வி. விடைகள் ஒரே கட்டத்தில் காற்புள்ளியோடு வந்து விழும். பெயரின் இருபுறமும் நட்சத்திரக் குறி (*) வைத்துத் தேடி எண்ண வேண்டும். வேட்பாளர் பட்டியலில் கரடியும் பனிக்கரடியும் இருந்தால் பனிக்கரடியின் ஓட்டெல்லாம் கரடிக்கும் சேரும்.

ரகசியம் கொஞ்சம் ஓட்டைதான். ‘லிமிட் டு ஒன் ரெஸ்பான்ஸ்’ போட்டால் கூகுள் கணக்கு கேட்கும். எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்காது. ஒரே கணினியை வாக்குச்சாவடியாக வைத்தால், ஷீட்டில் பதியும் நேரத்தைக் கொண்டு யார் எப்படிப் போட்டார் என்று சொல்லிவிடலாம். நேர நெடுக்கையை அழித்து, ‘டேட்டா’ மெனுவில் ‘ரேண்டமைஸ் ரேஞ்ச்’ கொடுத்துக் கலைத்த பிறகே அச்செடுங்கள். ஓட்டு நிலவரத்தை மாணவர்களுக்கே காட்டும் ‘வியூ ரிசல்ட்ஸ் சம்மரி’ அணைந்தே இருக்கட்டும். இன்னொரு நாள் இயக்கிவிட்டு அதே தேர்தலை நடத்தினால், தோற்கப்போகிறவரைக் கைவிட்டு மாணவர்கள் எப்படித் தாவுகிறார்கள் என்று பார்க்கலாம்.

அமெரிக்க முறையில் மாநிலத்துக்கு இத்தனை தேர்வாளர் என்று உண்டு, பெரும்பாலான மாநிலங்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கே அந்த மாநிலத் தேர்வாளர் அத்தனை பேரும். இதற்கு ஃபார்ம்ஸ் தரும் படம் தவறாகவே வழிகாட்டும். அது மொத்த ஓட்டைத்தான் காட்டும். அந்தக் கணக்கில் 2000-ல் அல் கோர் வென்றிருப்பார். புளோரிடாவில் 537 ஓட்டு முந்திய புஷ் தேர்வாளர் கணக்கில் 271-266 என்று ஜனாதிபதியானார். ‘டிராப்டவுன்’ கேள்வியில் மாநிலம் கேட்டு, ஷீட்ஸில் ‘பிவட் டேபிள்’ (தொகுப்பு அட்டவணை) போட்டு மாநிலவாரியாகப் பிரியுங்கள். 30 பேரை 12, 9, 9 என மூன்று மாநிலமாக்கி, தலைக்கு ஒரு தேர்வாளர் என்று வைத்துக்கொள்ளலாம். மான் பெரிய மாநிலத்தில் 12-0 என வென்று, மற்ற இரண்டிலும் 4-5 என்று தோற்றால், 20 ஓட்டு வாங்கிய மானுக்கு 12 தேர்வாளர், 10 ஓட்டு வாங்கிய முயலுக்கு 18.