கொல்லைக் கொய்யாவில் பதியன்: 2013 முதல் என் அனுபவம்

மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் 2013-லிருந்து நானே செடிகளைப் பெருக்கி வருகிறேன். விதை, போத்து (வெட்டி மண்ணில் ஊன்றும் கிளை), ஒட்டு, பதியன் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. எங்கள் களிமண்ணுக்கும் ஐப்பசி மழைக்கும் தாக்குப்பிடித்தது விண்பதியன்தான்: மரத்தில் இருக்கும் கிளையிலேயே பட்டையை உரித்து, ஈரமான நாரைப் பொட்டலமாகக் கட்டி வேர் விடவைத்து, பிறகு வெட்டி நடுவது. வேர் கிளையிலேயே இறங்கிவிடுவதால், சேற்றில் ஊன்றிய குச்சி அழுகுமோ என்ற பயம் இல்லை.

ஆரம்பித்தது பாட்டி வைத்த சிவப்புக் கொய்யாவில். அதன் விதையில் வந்த கன்றுகள் மூன்றும் மூன்று விதமாகக் காய்த்தன, ஒன்றில்கூட அந்த ருசி இல்லை. அதே மரம் வேண்டுமானால் அதன் கிளையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதல் வருடம் கட்டிய எட்டுப் பொட்டலத்தில் ஒன்றுகூட வேர் விடவில்லை. கொல்லை வேலைக்கு வரும் பெரியவர் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பட்டையை உரிச்சா மட்டும் போதாது, உள்ள இருக்கிற வழுவழுப்பையும் சுரண்டணும்" என்றார். சுரண்டாமல் விட்டதால் பட்டை மறுபடி வளர்ந்து இரண்டு பக்கமும் சேர்ந்திருந்தது. இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. அந்த வழியை அறுத்தால் உணவு வெட்டின் மேல் விளிம்பில் தேங்கி, அங்கே வேர் கிளம்பும். தண்ணீர் உள்மரத்தில் ஏறுவதால் கிளை வாடாது. இது புரிந்த பிறகு என் கை தவறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பத்தில் ஏழெட்டு தேறுகிறது.

பென்சில் பருமனுள்ள, ஒரு வருடக் கிளை போதும். ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்துச் சுரண்டி, ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவை வைத்து, வெள்ளை பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டுகிறேன். வேர் ஊக்கிப் பவுடர் தடவியும் தடவாமலும் கட்டிப் பார்த்தேன். தடவியதில் வேர் அடர்த்தியாக வந்தது. ஆனால் மேல் கட்டு தளர்ந்திருந்தால் எந்தப் பவுடரும் காப்பாற்றாது. ஒரு வருடம் ஐப்பசியில் கட்டி, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி அத்தனையும் அழுகிப்போயின.

அப்புறம் ஆடிக் கடைசிக்கு மாற்றிக்கொண்டேன். கொய்யா ஐம்பது, அறுபது நாளில் வேர் விடும், புரட்டாசி முடிவதற்குள் வெட்டிவிடலாம். பையில் வைத்து நிழலில் மழைக்காலத்தைக் கடத்தி, தையில் தரையில் நடுகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூவரசு போத்து எங்கே ஊன்றினாலும் துளிர்க்கும். முருங்கைப் போத்துக்கு மேடு கட்டியே தீர வேண்டும். எலுமிச்சைக்கு விதை நாற்றே போதும், பெரும்பாலும் தாய் மரத்தைப் போலவே வரும். மாவில் நெருக்கு ஒட்டு (இரண்டு செடிகளின் தண்டைச் சீவிச் சேர்த்துக் கட்டுவது) இரண்டு முறை முயன்று தோற்றேன். இப்போது ஒட்டுக்கன்றாகவே வாங்கி, ஒட்டு மண்ணில் புதையாமல் நட்டு, ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிடுகிறேன்.

பதியனுக்கு ஒரு குறை உண்டு. ஆணிவேர் கிடையாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் எங்கள் பதியன் கொய்யா மூன்றும் வேரோடு சாய்ந்தன. பாட்டியின் மரமும் அன்றுதான் போயிற்று. அடிமரத்திலேயே முறிந்து, மறுபடி துளிர்க்கவே இல்லை. அதிலிருந்து எந்தப் பதியனை நட்டாலும் முதல் மூன்று வருடம் மூங்கில் முட்டு கொடுக்கிறேன்.

திருவையாற்றில் அக்கா வீட்டுக்கு 2015-இல் ஒரு பதியன் கொடுத்திருந்தேன். அது புயலுக்குத் தப்பி நின்றது. அடுத்த ஆடியில் போய் அதில் நான்கு பொட்டலம் கட்டிவிட்டு வந்தேன். நான்கும் வேர் பிடித்தன. பாட்டியின் மரம் நின்ற இடத்திலேயே ஒன்றை நட்டேன், இப்போது காய்க்கிறது, உள்ளே அதே சிவப்பு.