கால்சியமா, லாந்தனமா? பிபிஎஃப்எம் வளர்க்கும் இரு ஊடகங்கள்

வேலூர்ப் பக்கத்து நிலக்கடலை இலையை மெத்தனால் கலந்த அகாரில் அழுத்தி எடுத்தால் சில நாளில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் எழும். அதுதான் மெத்திலோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா; பயிர் வறட்சியைத் தாங்க உழவர்கள் தெளிக்கும் பிபிஎஃப்எம் இதுவே. மெத்தனாலை உடைக்க இதனிடம் இரண்டு வகை நொதிகள் உண்டு. எம்எக்ஸ்ஏஎஃப் நொதிக்குக் கால்சியம் போதும்; எக்ஸ்ஓஎக்ஸ்எஃப்புக்கு லாந்தனம், சீரியம் போன்ற லேசான அருமண் உலோகம் வேண்டும்.

கால்சிய ஊடகம் (பாக்டீரியா வளர்க்கும் சத்துக் கரைசல்) மலிவு, எளிது: 20 மைக்ரோமோலார் கால்சியம், 0.5% மெத்தனால். தெளிப்புக்கு வளர்க்க இதுவே போதும்.

லாந்தன ஊடகத்தில்தான் கவனம் தேவை. 2 மில்லிமோலார் லாந்தனம் குளோரைடு கரைசலை, ஒரு மில்லிலிட்டர் ஊடகத்துக்கு 1 மைக்ரோலிட்டர் வீதம், சூடாக்கிய ஊடகம் ஆறிய பிறகே சேருங்கள். ஊடகத்திலுள்ள பாஸ்பேட்டோடு சேர்த்துச் சூடாக்கினால் லாந்தனம் வீழ்படிவாகிவிடும். மண்ணிலும் இதே சிக்கல்தான். கரையாத உலோகத்தைப் பற்றி இழுக்க, சில வகைகள் ஒரு சிறு மூலக்கூற்றைச் சுரந்து, செல்லின் வெளிச்சவ்வின் வாயில் வழியே உள்ளே கொண்டுவருகின்றன. அங்கே அந்த உலோகத்தை இறுகப் பிடிக்கும் லான்மாடுலின் புரதம் 2018இல்தான் தெரியவந்தது. என்ன அழகான ஏற்பாடு!

இரண்டு ஊடகங்களின் ஒப்பீடு கெடுவது பெரும்பாலும் கண்ணாடிக் குடுவையால். அதிலிருந்து கசியும் துளி அருமண்ணே கால்சிய நொதியின் மரபணுவை அடக்கிவிடலாம். பிறகு கால்சிய ஊடகத்திலும் எக்ஸ்ஓஎக்ஸ்எஃப்பே இயங்க, இரண்டு குடுவையும் ஒரே மாதிரி வளரும். பாலிபுரொப்பிலீன் குழாயே சரி.