கிராம் கணக்கைக் காட்டி ஏமாற்றினார்: ராயல் பைத்தான் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சென்ற ஆண்டு மார்ச்சில் 280 பவுண்டு கொடுத்து ராயல் பைத்தான் என்ற மலைப்பாம்பு வகையில் ஒரு பெண் பாம்பு வாங்கினேன். விளம்பரத்தில் மூன்றே விஷயங்கள்: நான்கு வயது, எடை 1,640 கிராம், வாராவாரம் தவறாமல் சாப்பிடுகிறது. முதலாவது பொய். மற்ற இரண்டும் உண்மை, எனக்குச் செலவு வைத்ததே அந்த இரண்டு உண்மைகள்தான்.

நான் இருப்பது இங்கிலாந்தில், கவென்ட்ரி பக்கம். இங்கே பாம்பு வளர்ப்பது பெரிய அதிசயம் இல்லை. செல்லப்பிராணிக் கடைகளில் உறைய வைத்த எலிகளை அளவு வாரியாகப் பிரித்து விற்கிறார்கள். ராயல் பைத்தான் வளர்க்க உரிமமும் தேவையில்லை. (ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். நம் ஊர் மலைப்பாம்பை வீட்டில் வைத்துக்கொள்வது 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

இதே பாம்புக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் பால் பைத்தான். பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும், அதனால். இதை அம்மாவிடம் சொன்னது என் தப்பு. "பேர்லயே பால் இருக்கு, நீ என்னடா எலியைக் குடுக்கிறே?" என்று கேட்டார். புற்றுக்குப் பாலும் முட்டையும் வைத்துப் பழகியவர். வீடியோவில் பாம்பைப் பார்த்ததும், "நல்லா கொழுகொழுன்னுதானே இருக்கு" என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாங்கிய இடம் கடை இல்லை, வீடு. பின்னறையில் இழுப்பறை அடுக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு. விற்றவர் பாம்பை ஒரு டப்பாவில் போட்டுச் சமையலறைத் தராசில் வைத்துக் காட்டினார். சரியாக 1,640. "மூன்று வயதும் 1,500 கிராமும் தாண்டினால் முட்டையிட வைக்கலாம், இது இரண்டையும் தாண்டிவிட்டது" என்றார். குட்டிகள் எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வளர்ந்த பாம்பென்றால் தொல்லை குறைவு என்று கணக்குப் போட்டேன். தீனிப் பதிவு கேட்டேன். "போனில் இருக்கிறது, அனுப்பிவிடுகிறேன்" என்றார். இன்று வரை வரவில்லை. அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

அவர் சொன்னபடி வாரம் ஒரு பெரிய எலி, கிட்டத்தட்ட 150 கிராம், மூன்று வாரம் கொடுத்தேன். வைத்த மறுநொடி பாய்ந்து பிடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் ஒரு முறை தோல் முழுதாக உரியாமல் துண்டு துண்டாக வந்தது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனேன்.

தோலை அவர் இரண்டு நிமிடம்தான் பார்த்தார். ஈரப்பதம் குறைவு, சரிசெய்துகொள்ளலாம் என்றார். பிறகு முதுகின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர், என் கையையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். தண்டெலும்பு தட்டுப்படவே இல்லை. நல்ல நிலையில் உள்ள ராயல் பைத்தானின் உடலைக் குறுக்கே பார்த்தால் முனை மழுங்கிய முக்கோணம் போல இருக்க வேண்டுமாம், லேசாக அழுத்தினால் எலும்பு தெரிய வேண்டுமாம். கூரை முகடு போல எலும்பு துருத்திக்கொண்டு, பக்கவாட்டில் தோல் மடிந்து தொங்கினால் மெலிவு. என்னுடையது உருளை. இரை எதுவும் வயிற்றில் இல்லாதபோதே செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தது. சுருண்டால் பக்கவாட்டில் மடிப்பு விழுந்தது. வாலுக்கு முன்னால் இரு பக்கமும் புடைப்பு. ஸ்கேனில் வயிறு முழுக்கக் கொழுப்புப் பட்டைகள். ஈரலிலும் கொழுப்பு படிந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார்.

கிளம்பும்போது, "இதன் வயது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? உடலுக்குத் தலை சின்னதாக இருக்கிறதே" என்று கேட்டார். உடம்பைப் பார்த்து வயதைச் சரியாகச் சொல்ல முடியாது என்பதையும் அவரேதான் சொன்னார். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

ராயல் பைத்தானின் உடலில் உள்ள திட்டுகள் நம் கைரேகை மாதிரி. நிறம் கொஞ்சம் மங்கலாம், திட்டுகளின் வடிவம் குட்டியிலிருந்து கடைசி வரை மாறாது. விற்றவரின் பழைய விளம்பரங்களை இரவு முழுக்கத் தோண்டினேன். கழுத்துக்குப் பின்னால் இடது பக்கம் என் பாம்புக்கு ஒரு திட்டு, நடுவில் இரண்டு புள்ளியோடு, சாவித் துவாரம் போல இருக்கும். அதே திட்டு, அதற்கடுத்த இரண்டும் அச்சாக அதே மாதிரி, ஒரு குட்டியின் படத்தில் இருந்தன. "புதிதாகப் பொரித்தவை" என்ற தலைப்பு. நான் வாங்கிய தேதிக்கு இருபது மாதம் முந்தைய படம் அது.

அதாவது நான்கு வயது என்று விற்றது இரண்டு வயதுகூட நிறையாத பாம்பு. முட்டையிலிருந்து வரும்போது இந்தக் குட்டிகள் 50, 60 கிராம்தான் இருக்கும். அதை இருபது மாதத்தில் 1,640க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் செரிக்கச் செரிக்கத் திணித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏன் திணித்தார் என்பதும் விளங்கியது. மூன்று வயது, 1,500 கிராம் என்ற விதியில் எடையைத் தராசில் காட்டிவிடலாம், வயதை வாயால் சொன்னால் போதும். முட்டையிடும் பெண் பாம்புக்கு விலை அதிகம்.

கேட்டபோது அவர் அனுப்பிய பதில்: "கொழுத்த பாம்பு கொடுத்ததற்குச் சண்டைக்கு வரும் முதல் ஆள் நீங்கள்தான்." அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

கொடுத்தால் சாப்பிடுகிறதே, பசிதானே என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று. இவற்றின் சொந்த இடம் கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் தொடங்கி நடு ஆப்பிரிக்கா வரை. அங்கே அடுத்த இரை எப்போது என்று தெரியாது. கிடைத்தால் விழுங்கும், கிடைக்காவிட்டால் மாதக் கணக்கில் சும்மா கிடக்கும். வளர்ந்த பாம்பு சில மாதம் சாப்பிடாமல் இருந்து, எடை பெரிதாக இறங்காவிட்டால் பதற வேண்டியதில்லை. குட்டிகளுக்கு வாரம் ஒரு முறை, உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை சரி. வளர்ந்ததற்கு ஏறக்குறைய 5 சதவீதம், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். எலியின் பருமன் பாம்பின் தடித்த பகுதியின் பருமனைத் தாண்டக் கூடாது. உயிருள்ள எலியைப் போடவே போடாதீர்கள், பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

பாம்பு பருத்துவிட்டது என்று சட்டென்று பட்டினி போடுவதும் ஆபத்து, கரையும் கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும். மருத்துவர் எனக்குக் கொடுத்த கணக்கு 80 கிராம் எலி, மூன்று வாரத்துக்கு ஒன்று. ஏறி இறங்க ஒரு கிளை. மாதம் ஒரு முறை, சாப்பாட்டுக்கு முந்தைய நாள், தராசு.

வாங்கப் போகிறவர்கள் எடையை மட்டும் கேட்காதீர்கள், முதுகைத் தொட்டுப் பாருங்கள். தேதி போட்ட தீனிப் பதிவை நேரில் கண்ணால் பார்க்காமல் பணம் எடுக்காதீர்கள். குட்டிப் பருவத்துப் படம் ஒன்றும் கேளுங்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டது என்றும் கேளுங்கள். முந்தைய நாள் 150 கிராம் எலியை விழுங்கிய பாம்பு தராசிலும் அவ்வளவு கூடக் காட்டும். இங்கிலாந்தில் செல்லப்பிராணி விற்பதைத் தொழிலாகச் செய்கிறவர் 2018 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உள்ளாட்சியிடம் உரிமம் பெற வேண்டும். விளம்பரத்தில் உரிம எண்ணும் விலங்கின் வயதும் இருக்க வேண்டும். இவர் விளம்பரத்தில் எண் இல்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உள்ளாட்சிக்கு அனுப்பியிருக்கிறேன். கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான்.

மருத்துவச் செலவு இதுவரை 410 பவுண்டு. போன வாரம் நிறுத்தபோது 1,515 கிராம். முதுகெலும்பு லேசாகக் கையில் தட்டுப்படுகிறது. அம்மா, "இளைச்சுப் போச்சே" என்கிறார்.