குவெஸ்ட் 3-ஐ லினக்ஸோடு இணைக்கும் வைவர்ன்: விமர்சனம்

மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு லினக்ஸ் கணினியில் விஆர் (மெய்நிகர்) விளையாட, ஸ்டீமின் விஆர் மென்பொருளான ஸ்டீம்விஆரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கணினியில் ஓடும் விளையாட்டை வயரில்லாமல் ஹெட்செட்டுக்கு அனுப்பும் வைவர்ன் அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. இது மோனாடோ என்ற திறமூல விஆர் ரன்டைமின் (விளையாட்டையும் ஹெட்செட்டையும் இணைக்கும் மென்பொருள்) மேல் கட்டியது. கணினியில் ஃப்ளாட்ஹப் என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து வைவர்ன் சர்வர், ஹெட்செட்டில் அதற்கான செயலி. இரண்டும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் அப்டேட் செய்தால் இணைப்பு கிடைக்காமல் போகலாம்.

ஹெட்செட்டின் பட்டியலில் கணினியின் பெயரே வரவில்லையா? முதலில், நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் அவாஹி சேவை ஓடுகிறதா பாருங்கள். அடுத்து கணினியின் ஃபயர்வாலில் 9757 என்ற போர்ட்டைத் திறங்கள். டிசிபியோடு நிறுத்திவிடாதீர்கள், யுடிபியும் வேண்டும். அவாஹிக்கான 5353 போர்ட்டுக்கு யுடிபி போதும்.

ரூட்டரிலிருந்து கணினிக்கு ஈதர்நெட் கேபிள், ஹெட்செட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. இதில் சமரசமே கூடாது. கணினியும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் காற்றில் இரண்டு முறை பயணிக்கும்; தாமதம் ஏறும். சட்டென்று தலையைத் திருப்பும்போது ஓரத்தில் கறுப்புப் பட்டை எட்டிப் பார்ப்பது அந்தத் தாமதத்தால்தான்.

ஸ்டீம்விஆரின் பழைய இடைமுகமான ஓபன்விஆரில் எழுதிய விளையாட்டுகளை, எக்ஸ்ரைசர் என்ற மென்பொருள் வைவர்னுக்குப் புரியும் ஓபன்எக்ஸ்ஆர் தரத்துக்கு மாற்றித் தருகிறது. ஸ்டீமின் கன்டெய்னருக்குள் (தனியே பிரித்து வைத்த சூழல்) ஓடும் விளையாட்டுக்கு வெளியே இருக்கும் ரன்டைம் தெரியாது. அதனால் வைவர்ன் காட்டும் வரியை அப்படியே நகலெடுத்து, ஸ்டீமில் அந்த விளையாட்டின் லான்ச் ஆப்ஷனில் ஒட்டுங்கள். ஃப்ளாட்பேக்காக (ஃப்ளாட்ஹப் தரும் தொகுப்பு வடிவம்) நிறுவிய ஸ்டீமில் தொல்லை கூடுதல். உங்கள் லினக்ஸ் டிஸ்ட்ரோ தரும் ஸ்டீமையே நிறுவுவது நல்லது.